புவிவேலி போடுவது எப்படி: லோரி, மருந்து ஸ்டோர், சம்பளக் கணக்கு

புவிவேலி என்பது வரைபடத்தில் நாம் போடும் ஒரு கோடு. கைப்பேசியோ, வண்டியில் பொருத்தி அதன் இடத்தை அனுப்பும் டிராக்கரோ அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு காரியம் நடக்கும். ஸ்டோர் கதவு திறந்து கிடப்பதாகத் தகவல் வரும், லோரி மறுபடி ஸ்டார்ட் ஆகாது, டேப்லெட்டில் சம்பளப் பட்டியல் மறைந்துவிடும். கோடு போட அரை மணி நேரம் போதும். நடுராத்திரியில் காரணமில்லாமல் கத்தாமல், மழை நாளில் ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்தாமல் அதை ஓட வைப்பதுதான் வேலை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதற்குத்தான்.

உதாரணத்துக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆலைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றும் ஒரு லோரி, ஒரு டிராக்டர், உரமும் களைக்கொல்லியும் வைக்கும் மருந்து ஸ்டோர், கிராணியார் (தோட்டக் கணக்கர்) மேசையில் ஒரு டேப்லெட் என்று ஒரு சிறு குத்தகைக்காரரிடம் இருப்பவைதான் நம் கருவிகள். பீடோரிலோ கூலிமிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கருவிக்கும் மூன்று வரி எழுதுங்கள்: உள்ளே வந்தால் என்ன நடக்கணும், வெளியே போனால் என்ன நடக்கணும், எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் என்ன நடக்கணும். முதல் இரண்டையும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது மூன்றாவது வரி. ஆனால் செம்பனைக் காட்டுக்குள் ஒரு நாளில் பலமுறை வரும் நிலை அதுதான்.

எங்கள் பரிந்துரை இது. லோரியின் இடம் தெரியாவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள், ஓடட்டும். ஸ்டோரைப் பொறுத்தவரை வெளியிலிருந்து பூட்டு, உள்ளிருந்து எப்போதும் கையால் திறக்கலாம். டேப்லெட்டில் பெயர் மட்டும் தெரியட்டும், பாஸ்போர்ட் எண்ணும் சம்பளமும் மறையட்டும். உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில் தளர்வு, ரகசியம் உள்ள இடத்தில் இறுக்கம். இந்த மூன்றாவது வரியைத் தீர்மானிக்காமல் கருவி வாங்கினால், அதைத் தயாரித்தவர் எங்கோ உட்கார்ந்து உங்களுக்காகத் தீர்மானித்திருப்பார்.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சுங்கை சிப்புட் ஏறத்தாழ 4.82 வடக்கு, 101.08 கிழக்கு. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 0.001 பாகை என்பது ஏறத்தாழ 111 மீட்டர், 0.0001 என்பது 11 மீட்டர். மனக்கணக்காகவே தூரம் போட்டுவிடலாம். லண்டன் பக்கம் போனால் தீர்க்கரேகையின் 0.001 பாகை 69 மீட்டராகச் சுருங்கிவிடும். அந்த ஊர் கணக்கைப் பார்த்து எழுதிய வாய்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டால் உங்கள் வட்டம் நீள்வட்டமாகிவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு எண்களை இடம் மாற்றிப் போடுவது. கூகள் வரைபடத்தில் நகலெடுத்தால் அட்சரேகை முதலில் வரும். சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மலேசியாவில் அட்சரேகை 8ஐத் தாண்டாது, தீர்க்கரேகை 99க்குக் கீழே போகாது. அதனால் சின்ன எண் எது, பெரிய எண் எது என்று பார்த்தாலே தவறு பிடிபடும். வேலி போட்டும் ஒரு தகவல்கூட வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இடத்தில் நின்று அளக்கவும்

திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். முற்றிய செம்பனைக்கு அடியில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் தரைக்கு வரும்போதே மிக மெலிந்திருக்கும். நனைந்த மட்டைகள் அதை மேலும் உறிஞ்சும், தகரக் கூரை திருப்பி அடிக்கும். அந்த எதிரொலியும் கைப்பேசிக்குள் போனால், அது தன்னை வேறு இடத்தில் இருப்பதாக நம்பிவிடும்.

ஆகவே ஸ்டோர் வாசலில் கைப்பேசியை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்று 30 நிமிடம் பதியுங்கள். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) நேரத்தில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, மழை விட்டதும் ஒரு முறை. உதாரணமாக 30ல் 25 அளவீடு 8 மீட்டருக்குள் விழுகிறது, நான்கு 20 மீட்டருக்குள், ஒன்று மட்டும் 46 மீட்டர் தள்ளி ரோட்டின் மறுபக்கத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சராசரி எடுப்பார்கள். அது தவறு. கருவி நடுராத்திரியில் நம்மை எழுப்புவது அந்த ஒன்றால்தான். வேலியின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்யணும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ளேயே இருக்கும் புவிவேலி வசதியைப் பயன்படுத்தினால் ஆரம் 100 முதல் 150 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது கூகளின் பரிந்துரை. வைஃபை பக்கத்தில் இருந்தால் 20 முதல் 50 மீட்டர் துல்லியம் கிடைக்கும். வைஃபையே இல்லாத இடத்தில் பிழை சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை போகலாம் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். இதனால் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண வைஃபை ரூட்டரை வைத்து, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் எப்போதும் எரிய விடுவது நல்லது. ஒரே செயலியில் ஆண்ட்ராய்டு 100 வேலி வரை ஏற்கும், ஐபோன் 20 மட்டுமே. பிளாக் பிளாக்காக வேலி போட நினைப்பவர்கள் ஐபோனில் இங்கேதான் முட்டுவார்கள்.

வட்டமா, பலகோணமா

தனிக் கட்டடத்துக்கு வட்டம் போதும். தோட்டத்துக்குப் பலகோணம். மோட்டாரில் எல்லையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிமிடம் நின்று புள்ளி எடுங்கள். 8 முதல் 12 மூலைகள் தாராளம். முப்பது நாற்பது புள்ளி வைத்து எல்லைக் கல் ஒவ்வொன்றையும் பின்தொடர்வது வீண் உழைப்பு, கருவிக்கு அந்தத் துல்லியமே கிடையாது.

பொது ரோடு இருக்கும் பக்கம் கோட்டை 30 மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். சுங்கை சிப்புட் வழியாக ஈப்போவும் கோலகங்சாரும் போகும் கூட்டரசு சாலையை ஒட்டித் தோட்டம் இருந்தால், ரோட்டில் போகிற சொந்த லோரியே உள்ளே வந்ததாகவும் வெளியே போனதாகவும் மாறி மாறிக் காட்டும். ஆறோ காடோ இருக்கும் பக்கம் 50 மீட்டர் வெளியே விடலாம். அங்கே பக்கத்துத் தோட்டக்காரர் இல்லை, குழப்பமும் இல்லை.

உள்வட்டம், வெளிவட்டம், காத்திருப்பு

ஒரே கோடு போட்டால், கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திய டிராக்டர் நின்ற இடத்திலேயே உள்ளே வெளியே என்று ஆடும். அதற்கு இரண்டு கோடு வேண்டும். 100 மீட்டருக்குள் வந்தால் உள்ளே, 150 மீட்டரைத் தாண்டினால்தான் வெளியே. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பழைய நிலையே தொடரணும். இதோடு காத்திருப்பும் சேருங்கள். உள்ளே வந்து 2 நிமிடம் தங்கினால்தான் கணக்கு, அடுத்தடுத்து மூன்று புள்ளி வெளியே விழுந்தால்தான் வெளியேற்றம். பொய்த் தகவலில் பெரும்பாலானவை இதிலேயே அடங்கிவிடும்.

மறுபக்கம் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் லோரி 30 வினாடியில் 333 மீட்டர் கடக்கும். உங்கள் வட்டத்தின் ஆரம் 150 மீட்டர் என்றால் குறுக்களவு 300 மீட்டர்தான். டிராக்கர் 30 வினாடிக்கு ஒரு புள்ளி அனுப்பினால் லோரி வட்டத்துக்குள் நுழைந்து வெளியேறியதே தெரியாமல் போகலாம். ஓடும்போது 10 வினாடிக்கு ஒன்று, நிற்கும்போது 5 நிமிடத்துக்கு ஒன்று என்று வையுங்கள்.

லோரிக்கு டிராக்கர்

மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 3ஜி டிராக்கரை வாங்காதீர்கள், 4ஜி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சிம் பிரீபெய்டு என்றால் காலாவதித் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். டிராக்கர் கெட்டுவிட்டது என்று கழற்றிக் கொண்டு வருவதில் கணிசமானவை செத்துப்போன சிம்தான்.

பொருத்தும் முறை: சிவப்பு வயர் பேட்டரியின் நேர்முனைக்கு, 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கணும். கறுப்பு வயர் பாடியில் பெயின்ட் சுரண்டிய போல்ட்டுக்கு. மூன்றாவது வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. இது இருந்தால்தான் லோரி ஓடுகிறதா நிற்கிறதா என்று டிராக்கருக்குத் தெரியும், நிறுத்திய வண்டியின் புள்ளி அலைவதும் குறையும். பெட்டியை டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில், ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்க்க வையுங்கள். இரும்புத் தகட்டுக்கு அடியில் வைத்தால் பார்வையில்லாதவர் கையில் வரைபடம் கொடுத்த மாதிரிதான். கூரையில்லாத டிராக்டருக்கு ஐபி67 தரத்தில் தண்ணீர் புகாத வகை வேண்டும்.

இப்போது ரிலே, அதாவது டிராக்கர் சொன்னால் ஒரு மின்வழியைத் துண்டிக்கும் சுவிட்ச். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டோம்: ஓடும் வண்டியின் எரிபொருளையோ இஞ்சினையோ தூரத்திலிருந்து துண்டிக்கும் இணைப்பைப் போடாதீர்கள். குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறும்போது இஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், காற்றுப் பிரேக்கின் அழுத்தமும் நிரம்பாது. ஸ்டார்ட்டர் வழியை மட்டும் தடுங்கள். ஓடுகிற வண்டி ஓடும், நின்ற வண்டி மட்டும் மறுபடி கிளம்பாது. திருட்டைத் தடுக்க அதுவே போதும்.

சாவித் துளையிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகும் மெல்லிய வயரைக் கண்டுபிடியுங்கள். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளைத் தொடவேண்டாம், அதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். மெல்லிய வயரை வெட்டி ஒரு முனையை ரிலேயின் 30ஆம் காலுக்கும், மறுமுனையை 87ஏ காலுக்கும் கொடுங்கள். 86ஆம் கால் சாவி போட்டால் வரும் நேர்மின்சாரத்துக்கு, 85ஆம் கால் டிராக்கரின் வெளியீட்டு வயருக்கு. ரிலே சும்மா இருக்கும்போது 30உம் 87ஏயும் சேர்ந்தே இருக்கும். அதனால் டிராக்கர் கெட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். தவறிப்போய் 87ஆம் காலில் கொடுத்தால் நிலைமை தலைகீழ், டிராக்கர் செத்த அன்று லோரி காட்டிலேயே நிற்கும். 85க்கும் 86க்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, வெள்ளைக் கோடு 86 பக்கம் இருக்கும்படி வையுங்கள். சுருளிலிருந்து வரும் உதைப்பு டிராக்கரைச் சுட்டுவிடாமல் அது தாங்கும். லோரி 24 வோல்ட், சின்ன டிராக்டர் 12 வோல்ட். 12 வோல்ட் ரிலேயை லோரியில் போட்டால் சுருள் கருகிவிடும்.

சர்வர் பக்கம்

டிராக்கர்கள் அனுப்பும் புள்ளிகளை வாங்கிக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் டிராக்கார் (Traccar) என்ற மென்பொருள் இந்த அளவு வேலைக்குத் தாராளம். அலுவலகத்திலுள்ள பழைய கணினியிலும் ஓடும், மாத வாடகை சர்வரிலும் ஓடும். நிறுவியதும் அதன் வலைப்பக்கம் 8082ஆம் போர்ட்டில் திறக்கும். கைப்பேசியில் போடும் அதன் செயலி 5055ஆம் போர்ட்டுக்குப் பேசும். கருவியின் எண்ணைப் பதிந்து, வேலியை வரைந்து, வேலியை அந்த லோரியோடு இணையுங்கள். வரைந்துவிட்டு இணைக்க மறப்பது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது, கவனித்துப் பார்த்தால் மட்டுமே பிடிபடும் ஒரு கோளாறு. பள்ளத்தில் சிக்னல் இல்லாதபோது டிராக்கர் புள்ளிகளைச் சேமித்து வைத்து, மேட்டுக்கு வந்ததும் மொத்தமாக அனுப்பும். மத்தியானம் 2 மணிக்கு நடந்தது 5 மணிக்கு வந்து சேரும். சர்வர் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தால், ஆலையில் நிற்கும் லோரி அப்போதுதான் எல்லை தாண்டுவதாக நினைத்துக்கொள்ளும். புள்ளி எடுத்த நேரத்தைப் பார்க்கணும். ஸ்டார்ட்டரைத் தடுக்கும் கட்டளைக்கு நான்கு நிபந்தனை ஒன்றாகச் சேரட்டும்: புள்ளி 60 வினாடிக்கு உட்பட்டது, வேகம் பூஜ்யம், சாவி அணைந்திருக்கிறது, ஒரு மனிதர் பார்த்துச் சம்மதித்திருக்கிறார். நான்காவதைத் தானியங்கி ஆக்காதீர்கள்.

கைப்பேசி தூங்கிவிடுகிறது

மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கைப்பேசியை வைத்து வேலி போடும்போது முக்கால்வாசிப் புகார் இதுதான்: நேற்று வேலை செய்தது, இன்று இல்லை. இட அனுமதியை எப்போதும் என்று கொடுங்கள். செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்றால் சட்டைப் பையில் போட்டதும் வேலி செத்துவிடும். துல்லியமான இடம் என்ற பொத்தானும் திறந்திருக்கணும். பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ கைப்பேசிகளில் தானாகத் தொடங்கும் அனுமதி தனியாக ஒன்று உண்டு, அதையும் திறங்கள். இத்தனையும் செய்தாலும் ஆண்ட்ராய்டு தகவல் சொல்ல 2, 3 நிமிடம் எடுக்கலாம். வெகுநேரம் அசையாமல் கிடந்த கைப்பேசி என்றால் 6 நிமிடம்வரை போகும். கதவுக்கு முன்னால் நின்று உடனே திறக்கும் என்று காத்திருக்கும் வேலைக்கு இது ஆகாது.

மருந்து ஸ்டோர்

அதனால்தான் ஸ்டோர் கதவை இடம் மட்டும் திறக்கக்கூடாது. திறப்பது அட்டை அல்லது ரகசிய எண். இடம் அதற்கு அனுமதி தருகிறது, அவ்வளவே. மண்டோரின் பதிவு செய்த கைப்பேசி தோட்ட எல்லைக்குள் இருந்தால்தான் அட்டை வேலை செய்யும். அட்டை திருடு போனாலும் அதை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாது.

மின்தடையில் வெளிப்பக்கம் பூட்டியே நிற்கும் வகை எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்கை (கதவு நிலையில் பொருத்தும் மின்பூட்டு) தேர்ந்தெடுங்கள். உள்பக்கம் சாதாரண கைப்பிடி, கையால் திருகினால் எப்போதும் திறக்கணும். காந்தப் பூட்டு மின்சாரம் போனதும் திறந்துகொள்ளும். 280 கிலோ வகை 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 7 ஆம்பியர்மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கினாலும் பழைய பேட்டரியில் பாதியை எதிர்பாருங்கள். இரும்புச் சாவி ஒன்று முத்திரையிட்ட உறையில் அலுவலகத்தில் இருக்கட்டும்.

உண்மையில் இந்த வேலியின் பெரிய பலன் வெளியேறும்போதுதான். கதவு நிலையில் ஒரு காந்த சுவிட்ச் பொருத்துங்கள். கதவு திறந்தே இருக்கையில் மண்டோரின் கைப்பேசி 150 மீட்டரைத் தாண்டினால் அவருக்கே ஒரு தகவல் போகட்டும். மறந்து போன கதவுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

சம்பளக் கணக்கும் பாஸ்போர்ட் எண்களும்

டேப்லெட்டில் இருக்கும் செயலியே இடத்தைப் பார்த்துத் தரவைத் திறப்பது பாதுகாப்பு ஆகாது. போலி இடம் காட்டும் செயலி ஒன்றை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆண்ட்ராய்டு அதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ரூட் செய்த, அதாவது ஆண்ட்ராய்டின் கட்டுப்பாடுகளை உடைத்த கருவி அதையும் மறைக்கும். 2013ல் டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய உல்லாசப் படகையே பொய் ஜிபிஎஸ் சிக்னலால் வழி மாற்றிக் காட்டியது. முடிவு சர்வரில் எடுக்கப்படணும், தரவும் சர்வரிலேயே இருக்கணும்.

சர்வர் கேட்கவேண்டியவை: பயனர் பெயரும் எண்ணும் சரியா, கருவி பதிவானதா, அலுவலக வைஃபை வழியாகத்தான் வருகிறதா, இடத்தின் பிழை 50 மீட்டருக்குள்ளும் வயது 2 நிமிடத்துக்குள்ளும் இருக்கிறதா. நான்கும் சரி என்றால் 15 நிமிட அனுமதி, முடிந்ததும் மறுபடி கேட்கும். தகரக் கூரைக்கு அடியில் இடம் கிடைக்காவிட்டால் முன்பே எழுதிய மூன்றாவது வரிக்குப் போங்கள். மேசைக்குக் கீழே ஒரு சிறு புளூடூத் பீக்கன் (தன் அடையாளத்தை ஓயாமல் ஒலிபரப்பும் சிறு கருவி) ஒட்டி வைத்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஐபி முகவரியை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முயலவேண்டாம். கைப்பேசி டேட்டாவில் பல பேர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள், சுங்கை சிப்புட்டில் இருப்பவரைக் கோலாலம்பூரில் இருப்பதாகக் காட்டக்கூடும். நாடு எது என்பதற்கு மட்டும் ஓரளவு நம்பலாம். அதிலும் ஒரு ஓட்டை: மலேசிய சிம்மோடு சிங்கப்பூர் போய் ரோமிங்கில் இருப்பவரின் டேட்டா பெரும்பாலும் இங்குள்ள நிறுவனம் வழியாகவே வரும், அதனால் முகவரியும் மலேசியா என்றே காட்டும்.

ஆட்களிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்

2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, தரவு சேகரிப்பதை எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது, அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும். நாங்கள் தமிழிலும், வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் சேர்த்து ஒட்டச் சொல்வோம். தரவு கசிந்து கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றால் ஆணையருக்குத் தெரிவிப்பது 2025 ஜூன் 1 முதல் கட்டாயம்.

வண்டிக்கு வேலி போடுங்கள், ஆளுக்குப் போடாதீர்கள். லயத்து வீடுகளை வேலிக் கணக்கிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மண்டோர் கைப்பேசியின் கண்காணிப்பு தானே அணையும்படி நேரம் குறியுங்கள். பதிவுகளை 90 நாளுக்கு மேல் வைக்கத் தேவையில்லை. டிரைவரிடம் நேரில் பேசுங்கள்: “அண்ணே, இந்தப் பெட்டி லோரியைத்தான் பார்க்கும். சாயங்காலம் சாவியை ஒப்படைச்சுட்டா உங்களைப் பத்தி இதுக்கு ஒன்னும் தெரியாது.” அப்படிச் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கணும். டிரைவரின் சொந்தக் கைப்பேசியில் செயலி போட்டுவிட்டு இதைச் சொல்லாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் இரண்டு வாரம் எந்தக் கட்டளையும் போகவேண்டாம், பதிவு மட்டும் நடக்கட்டும். ஒவ்வொரு பொய்த் தகவலையும் மழையா, ரோடா, சிம்மா என்று பிரித்துக் குறித்து, வேலியை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். பிறகு தகவல் மட்டும், கடைசியாகத்தான் ரிலேயும் பூட்டும். மாதம் ஒரு முறை ஸ்டோர் மின்சாரத்தை நிறுத்தி உள்கைப்பிடி திறக்கிறதா பாருங்கள். லோரியின் டிராக்கர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு வண்டி ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள்.

மறுநடவு செய்த பிளாக்கில் வானம் திறந்திருக்கும், துல்லியம் திடீரென்று நன்றாக இருக்கும். அதை நம்பி வேலியை இறுக்கினால் கன்று மரமாகித் தலைக்கு மேல் மட்டை மூடும்போது பழைய தொல்லை திரும்ப வரும். ஆண்டுக்கு ஒரு முறை அதே ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அதே 30 அளவீட்டை எடுங்கள்.